அரை மில்லிமீட்டர்

புகைக்கரிக்காக ஹார்ட்விக்குக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.
என்ன அழகாய்ப் பூசியிருந்தார்,
பென்சில் தூளை விரல்நுனியில் தொட்டு
என்ஜின் வாயில் ஒற்றி ஒற்றி.
ஆனால் மனிதரே, இந்த விமானம் ஒருநாளும் பறக்கவில்லை.
இதன் என்ஜின் ஒருமுறை இருமியதுகூட இல்லை.
பிறக்காத பிள்ளைக்குத் தழும்பு எதற்கு?

காசெல் நகரம், நவம்பர், பள்ளிக்கூட விளையாட்டரங்கம்.
கூடைப்பந்து வளையத்தின் கீழ் நீள மேசைகள்.
தோற்பது உறுதியான பிறகும்
வரைந்துகொண்டே இருந்தவர்களின் விமானங்கள்:
வாலில்லாதது, மூக்கில்லாதது,
இறக்கை முன்பக்கம் வளைந்து
எதையோ கட்டிக்கொள்ளப் போவதுபோல் ஒன்று.
எண்பத்தொன்றாம் எண் சாயம் பச்சையா பழுப்பா என்று
பதினோரு வருஷமாக
பேச்சுவார்த்தை இல்லாத இருவர்
எதிரெதிர் மூலையில் காபி குடிக்கிறார்கள்.

வால்களில் ஓரிடம் வெறுமையாக இருக்கும்.
அங்கே இருந்த சின்னத்தை
இந்த அரங்கில் யாரும் ஒட்டுவதில்லை.
அந்தப் பிழைக்கு எங்கள் படிவத்தில் கட்டமும் இல்லை.

என்னிடம் இருப்பது ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி,
முப்பது வருஷத்துக் கழுத்துவலி.

பதினேழாம் எண் மேசை. யூட்டா ப்ரெலே.
செயற்கைப் பல் செய்து ஓய்வு பெற்றவர்.
அவர் கையில் முடியிழை பிசகாது.
அப்படித்தான் நினைத்துக் குனிந்தேன்.
இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில்
ஒரு பிளவு.
பக்கத்தில் ஆணித்துளை ஒன்று
வரிசையை விட்டு விலகி நிற்கிறது,
அணிவகுப்பில் கால் மாற்றி வைத்தவன்போல்.

வயசாகிவிட்டது பாவம், என்று எண்ணினேன்.
'கட்டுமானம்: இணைப்பு சரியில்லை' என்று எழுதினேன்.
நான்கு குறைத்தேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மாதிரிக்கு அருகே ஒரு பழுப்பு உறை;
நடுவர்கள் திறந்து பார்க்கலாம், யாரும் பார்ப்பதில்லை.
மழைக்காக, பஸ்ஸுக்காக, நேரம் போகாமல்
மாலையில் நான் திறந்தேன்.

சுரங்கத் தொழிற்சாலை. ஃபிளாஷ் வெளிச்சம்.
எங்கள் எல்லோரிடமும் இருக்கும் அதே படம்தான்.
இறக்கையின் கோணத்துக்காக
நூறுமுறை அளந்திருக்கிறேன் இதை.
அவர் வைத்திருந்தது மட்டும் ஓரம் வெட்டாத பிரதி.
அதில் அதே பிளவு. அதே துளை.
துளைக்குச் சற்றுத் தள்ளி, சட்டகம் முடிகிற இடத்தில்
ஒரு மணிக்கட்டு.
கோடுபோட்ட துணியின் விளிம்பு.
அதற்குமேல் படம் இல்லை.

வேண்டுமென்றே தவறாகத் துளைத்தானா?
பசியில் கை நடுங்கியதா?
துரப்பணத்தின் அலகே மழுங்கியிருந்ததா?
எனக்குத் தெரியாது. யூட்டாவுக்கும் தெரியாது.
கேட்டேன்.
"அளவு மட்டும் தெரியும்," என்றார்,
கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டபடி.

நாங்களோ இத்தனை வருஷமாய்
புட்டி வைத்து அடைத்தோம் அந்தப் பிளவை,
உப்புத்தாள் தேய்த்தோம்,
ஈரத்தில் தேய்த்தோம், மறுபடி தேய்த்தோம்,
வழுவழுவென்று ஆகும்வரை.
அதற்குப் பெயர் துல்லியம். அதற்குக் கோப்பை.

முடிவுகள் அச்சாகிச் சுவரில் ஒட்டியாயிற்று.
திருத்த வேண்டும் என்றேன் செயலாளரிடம்.
"எந்தக் கட்டத்தில்?" என்று கேட்டார்.
கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.
படிவத்தை மேலும் கீழும் பார்த்தேன்.

அந்த மாதிரியின் அளவு முப்பத்திரண்டில் ஒன்று.
பிளவு அரை மில்லிமீட்டர்.
பஸ்ஸில் போகும்போது பெருக்கிப் பார்த்தேன், பதினாறு வந்தது.
ஈரக் கண்ணாடி ஜன்னலில்
என் சுட்டுவிரலை வைத்துப் பார்த்தேன்.
ஏறக்குறைய அதே அகலம்.

விரலை எடுத்த இடத்தில்
வெளியே ஊர் தெரிந்தது கொஞ்ச நேரம்,
பிறகு மூடிக்கொண்டது.