பஹாவ், இரவு பதினொன்றே கால்

கோத்தா பாரு போய்த் திரும்பியாயிற்று.
ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
எஞ்சினை அணைத்த பிறகும்
உள்ளங்கையில் ஸ்டியரிங் நடுங்குகிறது.

எப்படி வண்டி என்கிறான் தவசீலன்,
கேட்டைத் திறக்காமல், சன்னல் வழியாகவே.

குவா மூசாங் வளைவுகளில்
நான் நினைப்பதற்குள் திரும்பியது.
ஆறாம் கியரில் ஒரு நீண்ட மூச்சு,
அதற்கு மேல் அதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
இருக்கை மட்டும் கல்.
தார் பெயர்ந்த ஒவ்வொரு குழியையும்
என் முதுகெலும்புக்கு எழுத்துக்கூட்டி வாசித்தது.
பின்னால் அக்காள் பிள்ளைகள்
முட்டியை மடித்தே மூன்று மாநிலம் கடந்தார்கள்.

இதெல்லாம் சொல்லவில்லை.
சொன்னது இவ்வளவுதான்:
கடைசி நாலு மைல்
செம்பனைக் குலை லோரிக்குப் பின்னால்
இருபதிலேயே வந்தேன்.
முந்த இடம் இருந்தது. இருநூறு குதிரையும் இருந்தது.
ஒரு பழம் துள்ளி பானெட்டில் விழுந்தது.
கீறல்.

துணியோடு ஓடி வந்தான்.
டார்ச்சை நான் பிடித்தேன்.
ஒன்பது வருடக் கடன்,
முதல் தவணையே அடுத்த வாரம்தான்.
இருவரும் மூச்சுவிடவில்லை.
தேய்க்கத் தேய்க்க
சிவந்த கோடு துணிக்கு மாறியது.

எண்ணெய்தான்.