மைனஸ் பதினெட்டு

பாம் ஷெல்டரின் இரும்புக் கதவைத் திறக்க
இரண்டு கையும் ஒரு தோளும் வேண்டும்.
போர் வந்தால் ஒளிய அரசாங்கம் கட்டித் தந்த அறை.
வந்தாலும் இப்போது மூன்று பேருக்கு அதில் இடமில்லை.
உள்ளே என் மலைகள் இருக்கின்றன.

கூடாரம்தான் எப்போதும் முதலில் விழும்.
நான்கு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தது,
யார் அந்த நான்கு பேர் என்று போடவில்லை.
பாசிர் ரிஸ் கடற்கரையில் ஒரே ஒரு ராத்திரி.
அனுமதிச் சீட்டு, கொசுவத்தி, கோதை வறுத்த பீஹூன்.
பதினொரு மணிக்கு எங்கள் மூச்செல்லாம்
உள்கூரையில் திரண்டு
சொட்டுச் சொட்டாக எங்கள்மேலேயே திரும்பி வந்தது.
வெளியே வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.
மழை உள்ளேதான்.
ஒரு மணிக்கு டாக்சி பிடித்தோம்.
தலையணையும் கையுமாக எங்களைப் பார்த்த ஓட்டுநர்
"வீட்டில் சண்டையா?" என்றார்.
மகள் "ஆமாம்" என்றாள்.

ஆற்று நீரை அப்படியே உறிஞ்சிக் குடிக்க ஒரு குழல்.
இந்த ஊரில் குழாயைத் திறந்தாலே குடிக்கலாம் என்பது
பணம் கட்டும்வரை நினைவுக்கு வரவில்லை.
சும்மா சோதித்துப் பார்ப்போமே என்று
காலாங் ஆற்றோரம் ஒருநாள் குனிந்தேன்.
நீர்நாய் ஒன்று மீனைக் கடித்தபடி
தலை தூக்கிப் பார்த்தது.
எழுந்து வந்துவிட்டேன்.

கார்பன் நடைக்கோல் இரண்டு.
புக்கித் தீமா உச்சி நூற்று அறுபத்துமூன்று மீட்டர்.
எனக்கு முன்னால் ஏறிவிட்டிருந்த மாது ஒருவர்
ரப்பர் செருப்பில், கல்லில் உட்கார்ந்து
ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார்.
கோல்களைப் பார்த்தார், தன் முட்டியைத் தொட்டுக் காட்டி
வலியா என்று கண்ணால் கேட்டார்.
ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தேன்.
ஒரு துண்டு கொடுத்தார்.
அடிவாரம்வரை நொண்ட வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் எப்போது வாங்கினாய் என்று
கோதை கேட்டதில்லை. அவளுக்குத் தெரியும்.
டிப்போவில் இரவு வேலை முடிந்து
முதல் ரயிலில் திரும்பும் நேரம்.
கண் தூங்கும். விரல் மட்டும்
மலை ஏறிக்கொண்டிருக்கும்.

வேந்தன்தான் ஆரம்பித்தான்,
நேபாளம் போவோம், ஆறு பேர், ஏப்ரலில்.
ஒருவனுக்குக் குழந்தை பிறந்தது.
ஒருவனுக்கு வேலை போனது.
இன்னொருவன் ஒரு குழுவிலிருந்து விலகி
எல்லாக் குழுவிலிருந்தும் விலகினான்.
ஏப்ரல் மட்டும் சொன்ன தேதிக்கு வந்தது.

அந்த ஏப்ரலுக்கு வாங்கியது, வாத்திறகு ஜாக்கெட்.
முந்நூற்று எண்பத்தொன்பது வெள்ளி.
ஒரே ஒரு முறை, ஏர்கானைப் பதினாறில் வைத்து
கண்ணாடி முன் போட்டுப் பார்த்தேன்.
நாற்பதுக்கு விற்பனைக்குப் போட்டேன்.

வாங்க வந்தவர் ரோஸ்னா.
ஈசூன் ரயில் நிலைய வாசல், மதியம் இரண்டு மணி,
தார் இளகும் வெயில்.
தலைத்துணிக்கு மேல் அப்படியே மாட்டிக்கொண்டு
கழுத்துவரை ஜிப்பை இழுத்தார்.
போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
"குளிர் தாங்குமா?"
செனோக்கோவில் உறைகிடங்கு, இரவு முறை, மைனஸ் பதினெட்டு.
கம்பெனி தரும் அங்கி தோளில் கிழிந்து கிடக்கிறதாம்.

தாங்கும் என்று சொல்ல வாய் எடுத்தேன்.
"தெரியாது அக்கா.
எனக்கு இதில் குளிர்ந்ததே இல்லை" என்றேன்.
சிரித்தார். முப்பத்தைந்து கொடுத்தார்.

ஒன்பது நாள் கழித்துச் செய்தி வந்தது.
ஜிப் பாதியில் சிக்குகிறது. தோள் பரவாயில்லை.
உள்பையில் ஒரு தாள் இருக்கிறது,
தமிழோ என்னவோ, ஆறு வரி. முக்கியமா?

ஆறு பெயர்கள். என் கையெழுத்து.
பக்கத்தில் செருப்பளவு.

முக்கியமில்லை என்று எழுதினேன்.
அழித்தேன்.
அங்கேயே இருக்கட்டும் என்று எழுதினேன்.

கடைசியில் போய்விட்டோம் வேந்தா.
ஆறு பேரும், தினமும் எட்டு மணி நேரம்,
அந்தக் குளிரில்
இறால் பெட்டி அடுக்குகிறோம்.