ஒன்றுக்கு இருபது

மத்தான்சாஸ் நகரத்தில், மோன்செர்ராத்தே மேட்டுக்குக் கீழே
முட்டை விற்கிறவள் நான்.
எலியெசெர் என் கொழுந்தன்,
மூடிப்போன சர்க்கரை ஆலையில் பிட்டராக இருந்தவன்.
புல்வெட்டி எஞ்சின் ஒன்றை என் சைக்கிளில் பூட்டி
பெட்ரோலுக்கு ஒரு சோடா பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி
'ரிக்கிம்பிலி தயார், மைடெலின்' என்றான்.

எஞ்சினில் ஒன்பது பல். பின்சக்கரத்தில் நாற்பத்தைந்து.
ஒன்றுக்கு ஐந்து.
வளைகுடாச் சாலையில் பஸ்ஸையே முந்தினேன்.
மேடு வந்தது.
மூன்றாவது வீட்டு வாசலில்
அத்தனை பல்லும் இளித்துவிட்டது.
ஆறு தட்டு முட்டையோடு பின்பக்கமாக உருண்டேன்.
முழுசாக மிஞ்சியது முப்பத்தொன்று.

'பலமில்லாமல் இல்லை' என்றான் அவன்,
தார் ரோட்டில் மஞ்சள் கரு காய்வதைப் பார்த்தபடி.
'அவசரம்.
நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றுகிறவனுக்கு
மேடு இருப்பதை யார் போய்ச் சொல்வது?'

சொல்வதற்கு நடுவில் ஒரு தண்டு வைத்தான்.
ஆலைத் தொட்டியின் மூடியை அறுத்து
சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு
நாற்பது பல் வெட்ட
ஒரே ஒரு அரம், இருபத்துமூன்று இரவு.
கரண்ட் போன பிறகும் தடவித் தடவி எண்ணுவான்,
பத்தொன்பதில் குழம்பி மறுபடி ஒன்றிலிருந்து.
என் கணவன் காதில் பஞ்சு.
எனக்குப் பஞ்சும் உதவவில்லை.

பிறகு நூல் பிடித்துப் பார்த்தான்.
சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்காவிட்டால்
செயின் கழன்று கணுக்காலைத் தேடி வருமாம்.
செயினின் தொய்வை வாங்க
என் மகளுடைய ஸ்கேட்டிலிருந்து ஒரு சக்கரம்.
அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

பத்துக்கு நாற்பது.
அதன் பின்னால் ஒன்பதுக்கு நாற்பத்தைந்து.
நாலஞ்சு இருபது:
பள்ளியில் பிரம்புக்குப் பயந்து கத்திய வரி
இப்போது என் தொடைக்குக் கீழே
செயினாக ஓடுகிறது.

பாதி மேட்டில் போலீஸ்காரன் கை காட்டினான்.
கிழக்கே எங்கிருந்தோ வந்தவன், அந்த ஊர்ப் பேச்சு.
நம்பர் இல்லை, லைசென்ஸ் இல்லை,
சோடா பாட்டிலை முகர்ந்து பார்த்தான், எழுதினான்.
எனக்குப் பயம் அபராதத்தில் இல்லை.
செங்குத்தில் நின்ற வண்டி
நின்ற இடத்திலிருந்தே கிளம்ப வேண்டும்,
ஆறு தட்டோடு,
அதுவும் அவன் பார்க்க.

ஆக்சிலேட்டரைத் திருகினேன்.
எஞ்சின் கத்தியது. முதல் செயின் விறைத்தது.
தண்டு யோசித்தது.
இரண்டாவது செயின் பல்லைக் கடித்துக்கொண்டு
ஒரு சாண், இன்னொரு சாண்,
ஒரு முட்டைகூட உரசிக்கொள்ளாமல்
மேடு எனக்குக் கீழே நகரத் தொடங்கியது.
பக்கத்தில் ஒரு நாய் நடந்தே வந்தது,
கோயில் வாசல் வரை.

அபராதச் சீட்டு எலியெசெரின் சுவரில் இருக்கிறது.
குற்றம்: பதிவில்லாத வாகனம்.
வேகம் என்ற கட்டத்தில்
அந்தக் கிழக்கத்திக்காரன் எழுதியிருக்கிறான்:
நாய் நடை.
கீழே சிவப்புப் பென்சிலால் எலியெசெர்:
சரிபார்க்கப்பட்டது.