எல்லைக்கல் நாற்பத்தொன்று

கூட்டம் பத்து மணிக்கென்று அறிவித்திருந்தோம்.
பத்தேமுக்காலுக்கு ஃபேனைப் போட்டதும்
வரைபடம் பறந்தது.
நான்கு மூலைக்கும் நான்கு தேநீர்க் கோப்பை வைத்தேன்.
சுண்டிக்குளம்
அன்றைக்கு அப்படித்தான் அசையாமல் கிடந்தது.

விடயம் ஒன்று: குப்பை.
நாற்பத்தோராம் கல்லுக்கு வடக்கே கிடந்தால் சபையினது,
தெற்கே கிடந்தால் திணைக்களத்தினது.
உறுப்பினர் தவரூபன் எழும்பினார்:
"வாடை அடிக்கேக்க பை தெற்க போகுது,
சோளகத்துக்குத் திரும்பி வருது.
அப்ப காத்துக்கு ஆர் பொறுப்பு?"
எல்லோரும் சிரித்தார்கள்.
'காற்று தொடர்பாகக் கலந்துரையாடப்பட்டது'
என்று எழுதினேன்.

விடயம் இரண்டு: நுழைவுச்சீட்டு.
பார்க்க வருகிறவருக்குச் சீட்டு.
றால் பிடிக்க இறங்குகிறவருக்குத் தண்டம்.
தண்ணீர் இருவருக்கும் முழங்கால் அளவுதான்.
சங்கத்து எமிலியான்
சட்டைப்பையிலிருந்து நீதிமன்றத் துண்டை எடுத்து
மேசையில் விரித்தார்,
நனைந்து காய்ந்து நனைந்த தாள்.
"நானும் ஒரு ரிக்கற் எடுக்கிறன்.
பாத்துக்கொண்டே பிடிக்கலாமோ?"
சீட்டுக் காசு கொழும்புக்குப் போகுது,
றோட்டுக் குழி எங்களோட நிக்குது
என்றார் தவிசாளர்.
அதைக் கோடிட்டு எழுதினேன்.

திணைக்களத்து விதானகே,
தமிழைச் சொல் சொல்லாக நிறுத்து வைக்கிறவர்,
"தங்கூசி வலை" என்றார். அவ்வளவுதான்.
பிறகு தன் தொலைபேசியைச் சுற்ற விட்டார்.
கழுத்தில் இழை இறுகிய பூநாரை.
சேற்றுக்குள் நின்று அதை வெட்டுகிற கை
அவருடையது.
எமிலியான் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார்.
வலைக்கண்ணைத் தன் விரலால் அளந்தார்.
எந்த வீட்டு வலை என்று தெரிந்திருக்கும்.
ஒன்றும் சொல்லாமல் போனை அடுத்த ஆளிடம் கொடுத்தார்.
எந்தத் தலைப்பின் கீழ் இதைப் பதிவது?

பார்வைக்கோபுரத்தின் படம் வந்தது.
கண்டல்களுக்கு மேலே பலகைப் பாதை,
அதில் நடக்கிறவர்களுக்கு முகமில்லை.
"இதில நான் எவடம்?" என்றாள்
அந்த இடத்தில் கருவாடு போடுகிற கிறேஸ்மலர்.
அளவு தெரிவதற்காக வைத்த உருவங்கள் அம்மா, என்றார்கள்.

அடுத்தது படகுச் சவாரி.
பேனையை மாற்றினேன், மை இருந்தும்.
பட்டியலில் ஆறாவது படகு
என் தம்பி சுகிர்தனுடையது.
மணித்தியாலத்துக்கு நாலாயிரம்.
பறவைகளைக் கிளப்பிக் காட்டினால்
மேலே ஐந்நூறு.
தலைகீழாய்க் குனிந்து
கூனி வடித்துக்கொண்டிருக்கும் அலகுகள்
ஒரேயடியாக எழும்பும்.
வானம் உள்ளங்கை நிறமாகும்,
கமெராக்கள் அண்ணாந்து பார்க்கும்.
அவை எழும்புவது அரைவயிற்றோடு.

ஒரு நாளைக்கு எத்தினை தரமடா என்று கேட்டிருக்கிறேன்.
"அக்கா, அதுகளுக்குப் பறக்கிறதுதானே வேலை."
அந்த ஐந்நூறுகளில் மூன்று
என் மகளின் கணித வகுப்புக்குப் போயின.
சபை கேட்கவில்லை.
'நெறிமுறைகள் வகுக்கப்படும்' என்று எழுதி
அடுத்த பக்கம் திருப்பினேன்.

நாலரைக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு
கல்லைப் பார்க்கப் போனேன்.
ஏழு வருடமாக எழுதுகிறேன், கண்டதில்லை.
முழங்கால் உயரம். மஞ்சள் பூச்சில் பாதி உப்பு தின்றிருந்தது.
மேலே யாரோ வலை காயப்போட்டிருந்தார்கள்.
வடக்கு முகத்தில் ஒரு லஞ்ச் ஷீற்,
வாடை அழுத்திப் பிடித்திருக்க
அதன் ஓரம் மட்டும் தெற்கே படபடத்தது.
உரித்து எடுத்தேன்.
சோற்றுப் பருக்கையோடு
என் கைப்பையில் அடுத்த மாத நிகழ்ச்சிநிரலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தூரத்தில் அவை நின்றன.
எண்ணத் தொடங்கி அறுபதில் விட்டேன்.
ஒரு படகு வந்தது. அணியத்தில் நாலு தொப்பி.
கடையாரில் அவன்.
நிறுத்து என்று கையை உயர்த்தினேன்.
வா என்றோ, போய்வா என்றோ
எப்படி விளங்கியதோ
அவனும் கையைக் காட்டிவிட்டு
இன்ஜினை முடுக்கினான்.