செக்குபந்தி

பாலக்கோடு சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவே
என் மேசை.
பத்திரம் எழுதுகிறேன்.
பங்காளிச் சண்டையில்தான் பாதி வருமானம்.

நியூயார்க்கிலிருந்து ஷெரில் மூன்சாமி
வாட்ஸப்பில் அனுப்பிய காகிதம்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று.
சென்னைத் துறைமுகம், நீராவிக் கப்பல்,
போகுமிடம் டெமராரா.
ஜில்லா சேலம், தாலுகா தர்மபுரி.
ஊர்ப்பெயரின் முன்பாதியைப் பூச்சி தின்றுவிட்டது.
மிச்சம்,
பாதியில் விட்ட வினை மாதிரி,
அள்ளி.

எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால்
ஏதோ ஓர் அள்ளியில்தான் விழும்.
எர்ரனஅள்ளி, பேளாரஅள்ளி, பிக்கனஅள்ளி என்று
மூன்று ஞாயிற்றுக்கிழமை எக்ஸெல் வண்டியில் அலைந்தேன்.
சின்னப்பையன் மகன் முனுசாமி,
இடது முழங்காலில் வடு என்றதும்
கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்
மண்வெட்டியை ஊன்றி நின்றார்.
'பாகங் கேட்டு வராங்களா?'
இல்லை என்றேன்.
'அப்ப எங்க ஆளாத்தான் இருக்கும்.'

மூன்சாமி என்றால்
நிலவைக் கும்பிட்ட வம்சம் என்று
அவள் வீட்டில் சொல்லி வளர்த்தார்களாம்.
அம்மா, அது முனியப்பனுக்கு நேர்ந்து வைத்த பேர்,
கோழியும் சுருட்டும் சாராயமும் கேட்கிற சாமி
என்று தட்டச்சு செய்து
அழித்தேன்.
நிலவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று ராத்திரி இரண்டாவது காகிதம்.
இறங்கிய துறையில் எழுதியது.
ஏறும்போது நாலு தலை:
முனுசாமி, மாதம்மாள், பையன் பொன்னுரங்கம்,
அப்புறம் 'கைக்குழந்தை, பெண்'.
இறங்கும்போது மூன்று.
நாலாவது வரிமேல் ஒரு கோடு,
ஸ்கேல் வைத்து இழுத்த நேர்த்தி.
ஓரத்தில் தேதி.
'பேர் இருந்திருக்குமா?' என்று கேட்டிருந்தாள் ஷெரில்.
அங்கே அப்போது பகல்.

அரை சென்ட் சந்துக்கெல்லாம் எழுதியிருக்கிறேன்,
ஒரு புளியமரத்தின் கால்பாகத்துக்கும்.
கை சும்மா இருக்கவில்லை.
கெட்டுப்போன தாளொன்றின் பின்பக்கம்:

சொத்து விவரம்.
தாலுகா தர்மபுரி, கிராமம் ... அள்ளி,
முனுசாமி மகள் ... என்பவரின்
அனுபவத்தில் இருந்துவரும் இடம்.
விஸ்தீரணம் ஒரு தூளி.
இதற்குச் செக்குபந்தி:
வடக்கே தண்ணீர்.
தெற்கே தண்ணீர்.
கிழக்கே தண்ணீர்.
மேற்கே,
நிற்காமல் போகும் கப்பல்.