சரக்குப் பதிவேடு, காரைக்குடி

தேக்குப் பெட்டியோடு வந்த கடிதம்.
பினாங்கிலிருந்து தேவகோட்டைக்கு.
ஒரே ஒரு சொல்லை
பூச்சி தின்றிருக்கிறது:

“உமையாளுக்கு ........ அனுப்பியிருக்கிறேன்.
வெயிலில் வைக்க வேண்டாம்.
ஈரமும் ஆகாது.”

ஊறுகாய் இல்லை,
அது இங்கிருந்துதான் அங்கே போகும்.
பட்டா? பட்டுக்கு ஏன்
அடுத்த வரியில் கால்கள்?
“கால்களைத் தனியே கட்டியிருக்கிறது.
மாட்ட வராவிட்டால் ஆசாரியைக் கூப்பிடவும்.”

மேசை என்று எழுதப் போனேன்.
“ராத்திரியில் தானாக முனகினால்
பயப்பட வேண்டாம்.”

பேனாவை மூடிவிட்டு
மறுபடி முதல் வரியிலிருந்து.
ஆர்மோனியம், தையல் மிஷின், பாட்டுப்பெட்டி,
எதை வைத்தாலும் ஏதோ ஒரு வரி இடிக்கிறது.

ஆனால்
பயப்பட வேண்டாம் என்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது
அத்தனை பெரிய வீட்டில்
ராத்திரி அவள் தனி என்று.
மடிப்புகள் துணிபோல் நைந்து
கடிதம் நாலாகத் தொங்குகிறது.
எத்தனை தடவை பிரித்தாளோ.
மூலையில் மஞ்சள் படிந்த கட்டைவிரல்.

பதிவேட்டில் எழுதினேன்:
கடிதம், ஒன்று.
சொல் இல்லை.
பொருள் இருக்கிறது.

முதலாளி சாத்தப்பன் படித்துவிட்டு
எங்கே அந்தப் பொருள் என்று
பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவுகிறார்.