இடம்புரி

காத்தான்குடி இரும்புக் கடையில்
நிறுத்துத்தான் தந்தார்கள்:
பதினெட்டுக் கிலோ, புல்வெட்டி.
எந்த பங்களாப் புல்லைத் தின்றதோ,
உப்புக்காற்று அதன் ஆறு அலகையும்
அச்சோடு ஒட்டி வைத்திருந்தது.

மண்ணெண்ணெய்ச் சட்டியில் மூன்று இரவு.
சோற்றிலும் கராஜ் மணம்.
ஒரு நட் மட்டும் அசையவில்லை.
சாவியில் குழாய் செருகி நீட்டி
என் முழுப் பாரத்தையும் தொங்கவிட்டேன்.
வெல்டிங் எவராட் எட்டிப் பார்த்துச் சிரித்தான்:
"இது இடம்புரி, புள்ள.
ரெண்டு நாளா இறுக்கிக்கிட்டு இரிக்காய்."

மறுகா,
வால்வுப் பசை தடவி
உருளையைப் பின்பக்கமாய்ச் சுற்றினேன்.
பின்னே சுற்றினால்தான் கூர் பிடிக்குமாம்.
கீழ்த்தகட்டைத் தொட்டும் தொடாமலும்
கால் திருகு, கால் திருகாய் ஏற்றி
மின்சார சபையின் சிவப்புக் கடிதத்தை
வாயில் கொடுத்தேன்.
சத்தமில்லாமல் இரண்டானது.

கல்லடியில் என் முற்றம் மணல்.
குழாயடியில் மட்டும்
ஒரு பாய் அகலம் அறுகு.
அதையும் நேற்று
யோகராணியின் ஆடு மேய்ந்துவிட்டது.

பரவாயில்லை,
தள்ளிப் பார்க்கிறேன்.
கிர்ரென்று
வெறுங்காற்றை வெட்டிக்கொண்டு போகிறது.
வேலிக்கு அப்பால்
அசைபோடுவதை நிறுத்திவிட்டு
ஆடு பார்க்கிறது.